மலைக்கு வந்த கடல்



பதுளைக்குக் கடற்கரை கிடையாது. கொழும்புக் கோட்டையில் புறப்படும் ரயில் சுமார் 290 கிலோமீற்றர் தூரம் மலை மலையாக ஏறி, தெமோதரையில் தான் நின்று வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் புகுந்து வளைந்து, இறுதியாக இளைப்பாறுகிற ஊர் அது; 1924இல் முதல் வண்டி வந்த நாள் தொட்டு மலையகப் பாதையின் முடிவிடம் அதுவே. ஆயினும், அங்கே இறங்கிக் கால்நடையாகக் கடைவீதிக்குள் நுழைகிறவரின் நாசியைத் தேயிலையின் வாசனைக்கு முந்தி வந்து தொடுவது கருவாட்டின் வாசனைதான்.

சம்பளத்துக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமையில் அந்த வீதியைப் பார்க்க வேண்டும். பசறை, ஹாலிஎல, ஸ்பிரிங்வேலிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்கொள்ளாமல் வந்திறங்கும் ஜனங்கள் மொய்த்து நிற்க, கடைக்காரர்கள் சாக்கின் வாயை மடித்துவிட்டு நெத்தலியையும் கட்டாவையும் மாசித் துண்டுகளையும் குவித்து வைத்திருப்பார்கள். ஒருமுறை அங்கே ஒரு மூதாட்டி, கட்டாத் துண்டொன்றைப் பெருவிரலால் அழுத்தி, முகர்ந்து பார்த்து, "தம்பி, இது ஈரம் குடிச்சிருக்கு, தராசுக்கு நல்லது, குழம்புக்கு ஆகாது" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாட்டிகிட்ட நடக்குமா?" என்று உள்ளேயிருந்து வேறு கட்டை அவிழ்த்தார். மழைக்காலத்து மலைக்காற்றில் கருவாடு நீரை இழுத்து நிறையேறும் என்கிற சாஸ்திரத்தை அந்தப் பாட்டி எந்தப் பள்ளியில் கற்றாரோ!

நாலடி தள்ளி ஒரு தேத்தண்ணீர்க் கடை. கோதுமை மாவோடு தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, விரற்கடைக் கனத்தில் தட்டிச் சுட்ட ரொட்டி. செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் இடித்துப் புளி பிழிந்த சம்பல். விடியற்காலைப் பெரட்டு என்கிற வேலைப் பதிவுக்கு ஓடுமுன் தோட்டத்து லய வீடுகளின் அடுப்பில் வேகும் அதே ரொட்டிதான் இங்கே காசுக்குக் கிடைக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் இந்த ஊவா மாகாணத்துக் கொழுந்துக்கு வந்து சேரும் அபூர்வ மணத்தை உலகம் விலைகொடுத்து வாங்க, அதைக் கிள்ளிய கைகள் இங்கே தூள் தேயிலையின் சாயத்தைச் சீனி தொட்டுக்கொண்டு குடிக்கின்றன.

கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து, வழியிலே பலரைப் புதைத்துவிட்டு மலையேறியவர்களின் சந்ததி இந்தத் தோட்ட ஜனங்கள். அந்தக் கடலை ஒருமுறையேனும் கண்ணாரக் காணாதவர்கள் இவர்களிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கெல்லாம் அது குழம்பிலே வந்து கரைகிற உப்பாகவே பரிச்சயம்.

அன்று மாலையில் நமுனுகுலைப் பக்கம் போகிற பஸ் புறப்பட்டது. ஜன்னலோரத்தில் அந்த மூதாட்டி. மடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். பஸ் முழுவதும் கடல் மணத்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.