ரோஜாவுக்கு விஷம் வேண்டாம்

(சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டம் ஒன்றில் எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் ஆற்றிய உரை)



 வீட்டில் ரோஜா வளர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கும் ரோஜாவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இரண்டு உண்டு. எங்கள் வளாகத்தில் பல ஆண்டுகளாக நாங்கள் ரோஜா வளர்த்து வருகிறோம். அதோடு, செடிக்கு அடிக்கவென்று வீட்டில் வாங்கி வைத்த பூச்சிமருந்து உடம்புக்குள் போய்விட்டது என்று தூக்கி வரப்படுகிறவர்களைப் பார்க்கிறவர்களும் நாங்கள்தான். ஆகவே இன்று நாங்கள் சொல்ல வந்தது ஒரே காரியம்: வீட்டு ரோஜாவுக்கு விஷம் தேவையில்லை. வெயில், வடிகால், கத்தரி, தினமும் பார்க்கிற கண் ஆகிய நான்கும் போதும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஆசையாய் எடுத்த ரோஜாத் தொட்டி மூன்று மாதத்தில் வெறும் குச்சியாகி நிற்கிறது என்று பல வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். உடனே கடைக்குப் போய் மருந்து கேட்கிறோம். பெரும்பாலும் அந்தச் செடிக்கு மருந்து குறைவில்லை. வெயில்தான் குறைவு, அல்லது தண்ணீர்தான் அதிகம்.

முதலில் செடியைத் தெரிந்தெடுப்பதைப் பார்ப்போம். ஓசூர்ப் பக்கம் கூடாரங்களில் வளரும் நீண்ட காம்பு ரோஜாக்களுக்கு அந்தக் குளிர்ந்த காற்று வேண்டும். அவற்றைப் பார்த்து ஆசைப்பட்டு, மதுரையிலோ வேலூரிலோ மொட்டை மாடியில் வைத்தால் சித்திரை வெயிலில் வாடிப் போகின்றன. நம் சமவெளிக்கு ஏற்றவை பன்னீர் ரோஜா, எட்வர்டு ரோஜா, ஆந்திரா சிவப்பு ரோஜா என்று நர்சரிகளில் சொல்லப்படுகிறவை. பூ சிறியதுதான்; ஆனால் அடிக்கடி பூக்கும், நோயையும் ஓரளவு தாங்கும். எட்வர்டிலும் பன்னீரிலும் நல்ல மணமும் உண்டு. பூவோடு நிற்கும் செடியைப் பார்த்து மயங்காமல், தண்டு தடித்து இரண்டு மூன்று கிளைகள் உள்ள செடியை எடுங்கள். களிமண் உருண்டையோடு வரும் செடியானால், அந்த உருண்டையைச் சற்று நேரம் தண்ணீரில் ஊறவைத்து மண்ணை இளக்கிவிட்டு நடுங்கள். இறுகிய களிமண்ணுக்குள் வேர் அடைபட்டுக் கிடந்தால் செடி தழைக்காது.

அடுத்தது இடம். ஒரு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது ரோஜாவுக்கு வேண்டும். அதிலும் காலை வெயில் மிக நல்லது. இரவுப் பனியில் நனைந்த இலையை அது சீக்கிரம் காய வைக்கிறது. இலையில் கருப்புக் கருப்பாய் வட்டம் விழுந்து, மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாய் இருக்க வேண்டும். மாலையில் செடியின் தலையோடு தண்ணீர் ஊற்றினால் அந்த ஈரத்தை நாமே கொடுக்கிறோம். காலையில், செடியின் அடியில், மண்ணுக்கு ஊற்றினால் பாதி நோய் வராது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தொட்டி குறைந்தது ஒரு அடி அகலமும் ஆழமும் உள்ளதாயிருக்கட்டும். அடியில் துளை வேண்டும். துளையின்மேல் ஓட்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். செம்மண், மணல், நன்கு மக்கிய சாண எரு மூன்றும் சம அளவு. தரையில் நடுவதானால் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, இதே கலவையால் நிரப்புங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்குமேல் தெரிய வேண்டும். அந்த முடிச்சுக்குக் கீழிருந்து வேகமாய் ஒரு தளிர் கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். அது ஒட்டுக்கு அடியிலுள்ள காட்டுச் செடியின் தளிர். அதை விட்டுவைத்தால் சாரத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும். நாம் விரும்பி வாங்கிய ரோஜா மெலிந்து போகும். தோன்றிய இடத்திலேயே கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

தண்ணீருக்குக் கணக்கு விரல்தான். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றுகிற வீடுகளில்தான் வேர் அழுகுகிறது, அல்லது அடிவேர் காய்கிறது.

கத்தரிக்கு வருவோம். பலருக்குச் செடியை வெட்ட மனம் வராது. ஆனால் ரோஜா புதுத் தளிரில்தான் பூக்கிறது. வெட்டாத செடி உயர்ந்து போய்ப் பூக்க மறக்கிறது. நம் நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக்கு ஏற்ற காலம். காய்ந்த கிளை, நோய் பிடித்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை இவற்றை அடியோடு எடுங்கள். மீதிக் கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். வெளிப்புறம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். கிளை நுனி கறுத்துக் கீழ்நோக்கிக் காய்ந்து வந்தால், தண்டின் நடுச்சோறு வெள்ளையாய்த் தெரியும் இடம்வரை இறங்கி வெட்டுங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் துடைத்துக்கொள்வது நல்லது.

வெட்டியதிலிருந்து பூ வர ஏறக்குறைய 45 நாள் ஆகும். எனவே கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உங்கள் வீட்டு ரோஜாவே பீடத்தில் இருக்க வேண்டுமென்றால், நவம்பர் முதல் பத்து நாளுக்குள் கத்தரியை எடுங்கள். பூ முடிந்த பிறகும் காம்பை அப்படியே விடாமல், ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலாக வெட்டிவிட்டால் அடுத்த பூ சீக்கிரம் வரும். வெட்டிய பின் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும், இரண்டு கைப்பிடி மக்கிய எருவும் கொடுங்கள். தேயிலைச் சக்கை போடுகிறவர்கள் சர்க்கரை போக அலசிப் போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வரும். அந்த எறும்பே அசுவினிக்குக் காவல் நிற்கும்.

இப்போது பூச்சிகள். தளிரில் மொய்க்கும் பச்சை நிற அசுவினியை விரலால் வழித்துத் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் போய்விடும். புள்ளி வண்டைப் பார்த்தால் விரட்டாதீர்கள். அதுவும் அதன் குஞ்சும் அசுவினியைத் தின்கின்றன. கோடையில் இலையின் அடிப்புறம் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். காலை வேளையில் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். தண்டில் ஒட்டும் செதில் பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். இதற்கும் அடங்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இல்லாத நேரத்தில் தெளியுங்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், செடியடியில் விடாதீர்கள். பத்துத் தொட்டிக்கு இவ்வளவும் செய்யத் தினம் பத்து நிமிடம் ஆகும்.

விற்பனைக்கு வளர்க்கிறவருக்கு ஒரு புள்ளி விழுந்தாலும் நஷ்டம். நமக்கு அப்படியல்ல. நம் வீட்டு ரோஜாவைப் பிள்ளைகள் மூக்கில் வைத்து முகர்கிறார்கள். தலையில் சூடுகிறோம். சிறு குழந்தை இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிறது. அதன்மேல் விஷத்தைத் தெளிக்கலாமா?

இங்கே நாங்கள் பார்க்கிற துயரத்தைச் சொல்ல வேண்டும். வயலுக்கு வாங்கிய மருந்தில் கொஞ்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். பெயர்ச்சீட்டு கிடையாது. அது குளியலறை மாடத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ இருக்கிறது. தாகத்தோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு அது குளிர்பானமாகவே தெரிகிறது. இந்த மருந்துகளில் பல, நரம்புக் கட்டளையை அணைக்கிற நொதியைத் தடுத்துவிடுகின்றன. வாயில் எச்சில் வழியும், வியர்க்கும், கண்மணி கடுகளவாய்ச் சுருங்கும், மூச்சுக்குழல் சளியால் அடைபடும், பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். வீட்டில் மனக்கசப்பு வருகிறது; ஒரு நாழிகையில் அது தணிந்துபோகக் கூடியது. அந்த நாழிகையில் கைக்கெட்டும் இடத்தில் விஷம் இருந்தால் தணிவதற்குக் காலம் கிடைப்பதில்லை. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் தடை செய்தார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கையில் விஷம் கிடைக்காததால் பிழைத்தவர்கள் அநேகர். மனம் பாரமாயிருக்கிறவர்கள் யாராயிருந்தாலும் தனியே சுமக்காமல் ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள்; மருத்துவமனைக்கு வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போகும். இடது பக்கமாய்ச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மருந்து பட்ட உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறை இருக்கட்டும். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் பெயர்ச்சீட்டையும் கூடவே கொண்டுவாருங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் எங்களுக்கு நேரம் மிச்சமாகும்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, முள் முனை உள்ளே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்பில்லாமல் ரோஜாப் பாத்தியில் இறங்க வேண்டாம். உணர்வு குறைந்த பாதத்தில் குத்திய முள் புண்ணாகிய பிறகே தெரியவரும். குத்திய இடத்தில் கட்டி தோன்றி, கை வழியே வரிசையாய் மேலேறினால் அது மண்ணிலுள்ள ஒரு பூஞ்சையாக இருக்கலாம். மாத்திரையால் குணமாகும், காட்டத் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். பரண், குளியலறை மாடம், மாடிப்படியடி எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். பெயர்ச்சீட்டில்லாத பாட்டில் இருந்தால் முகர்ந்து பார்க்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள், கழுவி வேறு உபயோகத்துக்கு வைக்காதீர்கள். மூடி இறுக்கிப் பூட்டி வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். அந்த மாடம் காலியானதும், அங்கே ஒரு கத்தரியையும் வேப்பெண்ணெய்ப் புட்டியையும் வையுங்கள். உங்கள் ரோஜாவுக்கு அவை போதும். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வேப்பெண்ணெயும் அவர்கள் வாய்க்குள் போகக் கூடாது.