அரசியல் படிப்பு யாருக்கு?

(மத்தூர்க் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



நான் இங்கு வந்ததும் ஒரு தகப்பனார், "ஐயா, என் பெண் பன்னிரண்டாவது தேறி, அரசியல் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்கிறாள். அதில் சோறு கிடைக்குமா? ஓசூர்க் கம்பெனிக்கு அனுப்பினால் மாதாமாதம் சம்பளம் வருமே!" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆகையால் முதலில் சோற்றுக் கணக்கையே பார்ப்போம்.

பி.ஏ. தேறியவர் தமிழ்நாடு தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 பரீட்சைகள் எழுதலாம். அவற்றில் அரசியல் சட்டம் ஒரு முக்கியப் பாடம். மத்திய சர்வீஸ் கமிஷனின் முதன்மைப் பரீட்சையில் 1,750 மார்க்கில் 500-க்கு இதையே விருப்பப் பாடமாக எழுதலாம். மேலும் மூன்று வருஷம் சட்டம் படித்து வக்கீலாகலாம். தருமபுரியிலேயே அரசாங்கச் சட்டக் கல்லூரி இருக்கிறது. பத்திரிகை வேலைக்கும் போகலாம். கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு 2002-ல் ஏற்பட்ட திறந்தநிலைப் பல்கலைக் கழகம் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. ஆனால் பட்டம் வாங்கியதும் உத்தியோகம் வீடு தேடி வருமென்று நான் பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை எழுதுவோர் பல்லாயிரம், தேறுவோர் சிலரே.

அப்படியானால் ஏன் படிக்க வேண்டும்?

தோழர்களே! அமெரிக்காவில் 1901-ல் ஜோலியட் நகரில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறையில், கூலிக்காரன் பிள்ளையும் குறைந்த செலவில் இரண்டு வருஷம் அரசியல் படித்து, பிறகு பல்கலைக் கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறலாம். நம் நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளோ பெரும்பாலும் கைத்தொழிலையே கற்பிக்கின்றன. கைத்தொழிலை நான் இழிவு சொல்லவில்லை. ஏழை பிள்ளைக்குக் கைவேலை போதும், ஆளும் கலை வேறொருவன் பிள்ளைக்கு என்கிற எண்ணம்தான் ஆபத்து.

இது நமக்குப் புதிதா? ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜகோபாலாச்சாரியார், தாம் பி.ஏ.யும் சட்டமும் படித்தவர். அவர் முதல் மந்திரியாக 1953-ல் கொண்டுவந்த திட்டமோ, கிராமத்துப் பிள்ளைக்குப் பாதிப் பொழுது பள்ளி, பாதிப் பொழுது அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது ஒழிந்தது.

தீண்டப்படாதவரென்று பள்ளியில் ஒதுக்கப்பட்ட அம்பேத்கர் 1913-ல் கொலம்பியா போனார். பிறகு லண்டன் பொருளாதார அரசியல் கல்லூரியிலும் படித்தார். தலையெழுத்து என்று அவர் உட்கார்ந்திருந்தால், நாட்டின் அரசியல் சட்டத்தை வரையும் குழுவுக்குத் தலைவராகியிருப்பாரா?

நம் ஊரையே பாருங்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடமென்று 2016-ல் சட்டம் வந்தது. நாற்காலியில் மனைவி, அதிகாரம் புருஷனுக்கு என்றால் சட்டத்தால் என்ன பயன்? 2005-ன் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் சர்க்கார் பதில் சொல்ல வேண்டும். இந்த மத்தூர் ஒன்றியத்தில் கோவில் உண்டியலில் பத்து ரூபாய் போடத் தெரிந்தவர் எத்தனை பேர்? இந்தப் பத்து ரூபாயைப் பற்றித் தெரிந்தவர் எத்தனை பேர்?

ஆகவே அந்தத் தகப்பனாருக்குச் சொல்லுகிறேன்: ஜாதகத்தையும் பக்கத்து வீட்டாரையும் கேட்காதீர்கள்; உங்கள் பெண்ணைக் கேளுங்கள். அவள் உத்தியோகம் பெற்றால் உங்கள் வீட்டுக்கு லாபம். பெறாவிட்டாலும், கேள்வி கேட்கத் தெரிந்த ஒருத்தி இந்த ஊருக்குக் கிடைப்பாள். அது நம் எல்லோருக்கும் லாபம்.