எட்டு அறைகளும் ஒரு சூத்திரமும்

  இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் நேரே பொருளுக்கு வந்துவிடலாம்.

பொருள் அவையோருக்குப் பாதி தெரிந்ததுதான். எண்ணிக்கைக் கணக்கையும் நிகழ்தகவுக் கணக்கையும் வென்படம் போட்டுச் செய்வது பள்ளிப் பிள்ளைகளின் வேலை, சூத்திரம் தெரிந்தவனுக்குப் படம் எதற்கு என்பது ஒரு கட்சி. அக்கட்சிக்காரர் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். தேநீர் இடைவேளைகளில் தீராத இந்த வழக்கை இன்று முடித்துவிடுவது என்றுதான் சொற்பொழிவாளர் வந்திருக்கிறார். அறக்கட்டளைப் பேச்சில் யாரும் குறுக்கிடுவதில்லை என்பது ஒரு வசதி.

ஒரே ஒரு கணக்கு போதும். விடுதியில் 100 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இட்லி வாங்கியவர் 50 பேர், பொங்கல் 45, பூரி 40. இட்லியும் பூரியும் வாங்கியவர் 25. பூரியும் பொங்கலும் 20. இட்லியும் பொங்கலும் 20. மூன்றையும் வாங்கியவர் 3. எதுவுமே வாங்காதவர் எத்தனை பேர்?

சூத்திரக் கட்சிக்கு இது அரை நிமிட வேலை. மூன்றையும் கூட்டினால் 135. இரண்டிரண்டாக வந்தவற்றைக் கழித்தால் 70. மூன்றும் சேர்ந்ததைத் திரும்பக் கூட்டினால் 73. மீதி 27. தற்செயலாக ஒருவரைத் தேர்ந்தால் அவர் எதுவும் வாங்காதவராக இருக்க நிகழ்தகவு 27/100. திருத்துபவரும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்.

இப்போது படம். மூன்று வட்டம், சுற்றி ஒரு செவ்வகம், மொத்தம் எட்டு அறைகள். நடு அறையிலிருந்து வெளியே வர வேண்டும், அதுதான் முறை. நடுவில் 3. இட்லியும் பூரியும் மட்டும் என்ற அறையில் 25-லிருந்து 3 போக 22. மற்ற இரண்டு இணைப்பு அறைகளிலும் 17, 17. இட்லி மட்டும் வாங்கியவர் 50-லிருந்து 22, 17, 3 போக 8. பொங்கல் மட்டும் அதேபோல் 8. பூரி மட்டும்? 40-லிருந்து 22, 17, 3 ஆகிய மூன்றும் போக வேண்டும். அவற்றின் கூட்டுத்தொகையே 42. ஆக, பூரி மட்டும் வாங்கியவர் மைனஸ் இரண்டு பேர்!

அப்படிப்பட்ட விடுதி எங்கும் இருக்க முடியாது. கொடுத்த எண்களே பொய். சூத்திரம் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு 73 என்ற கண்ணியமான விடையைத் தந்தது. வட்டங்களுக்குள் உள்ள ஏழு அறைகளையும் கூட்டிப் பாருங்கள், மைனஸ் இரண்டும் சேர்ந்து அதே 73 வரும். மொத்தம் சரியாக வருவதால்தான் பிழை மறைகிறது. சேர்ப்புக் கணத்தின் சூத்திரம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். அறைகள் ஒவ்வொன்றாகச் சாட்சி சொல்லும்.

இன்னும் ஒரு படி போகலாம். மூன்றையும் வாங்கியவர் தொகை தெரியாது என்று நடுவில் x என்று எழுதினால், பூரி மட்டும் என்ற அறை x − 5 ஆகும். ஆகவே x 5-க்குக் குறையக் கூடாது. இணைப்பு அறைகளைப் பார்த்தால் 20-ஐத் தாண்டவும் கூடாது. எதையாவது வாங்கியவர் 70 + x, அதாவது 75 முதல் 90 வரை. 73-க்கு அங்கே இடமே இல்லை.

படத்துக்கு இந்த வலு எங்கிருந்து வந்தது? ஆய்லர் 1760-களில் ஜெர்மானிய இளவரசிக்கு எழுதிய கடிதங்களிலேயே வட்டங்கள் வருகின்றன. ஆனால் அவர் உள்ள உறவை மட்டும் வரைந்தார். கேம்பிரிட்ஜின் ஜான் வென் 1880-இல் முறையை மாற்றினார்: முதலில் சாத்தியமான எல்லா அறைகளையும் வரை, காலியானதைப் பிறகு நிழலிட்டுக் காட்டு. காலி அறைக்கும் இடம் ஒதுக்கியதால்தான் மைனஸ் இரண்டு அங்கே வந்து மாட்டிக்கொள்கிறது. நிகழ்தகவைப் பற்றி 1866-லேயே ஒரு நூல் எழுதியவர் அவர். படத்தையும் நிகழ்தகவையும் தனித்தனி ஊராக நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

எதிர்க்கட்சியின் நல்ல வாதம் ஒன்று உண்டு. நான்கு கணங்களுக்கு 16 அறைகள் வேண்டும். நான்கு வட்டங்களால் 14-க்கு மேல் முடியாது. உண்மைதான். வென்னுக்கும் அது தெரியும், அதனால் நீள்வட்டங்களுக்குப் போனார். லூயிஸ் கரோல் சதுரங்களை வைத்துக்கொண்டார். கணங்கள் இன்னும் கூடினால் நிலைமை வேறு: 1708-இல் கணிதர் மோன்மோர் எடுத்துக்கொண்ட 13 சீட்டுப் பொருத்தக் கணக்கில் (ஏதாவது ஒரு சீட்டாவது தன் எண்ணுக்குரிய இடத்திலேயே வருமா என்ற கணக்கு) சூத்திரத்துக்கே வெற்றி. 13 கணங்களுக்கு 8192 அறைகளை யார் நிரப்புவது? அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மூன்று கணக் கணக்கில் படத்தைக் கைவிட அது காரணமாகாது.

நிபந்தனை நிகழ்தகவைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. இட்லி வாங்கியவர் என்று தெரிந்துவிட்டால் இட்லி வட்டமே முழு உலகம். அவர் பூரியும் வாங்கியிருக்க நிகழ்தகவு 25/50. அவ்வளவுதான்.

எஞ்சிய வேலைகள் இளையவர்களுக்கு. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் கணமொழி முதலிலும் நிகழ்தகவு கடைசியிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே படத்தில் நடத்திப் பார்க்கலாம். பழைய வினாத்தாள்களை எடுத்து, எத்தனை கணக்குகளில் அறை எதிர்மறையாகிறது என்று தேடலாம். நான்கு கணங்களுக்கு வகுப்பறையில் நீள்வட்டமா சதுரமா என்பதையும் யாராவது சோதிக்கட்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்று கணக் கணக்கை அச்சுக்கு அனுப்புமுன் எட்டு அறைகளையும் ஒருமுறை நிரப்பிப் பார்த்து அனுப்புங்கள்.