தலையணையும் ஒரு கருவியே

டிக்கோயா மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தோளே முதல். கூடையின் கயிற்றைத் தலையில் தாங்கி, நாள்முழுதும் இரு கைகளையும் நீட்டி அவள் உழைக்கிறாள். கவ்வாத்து வெட்டும் ஆடவரும் கத்தியை ஓங்கி ஓங்கித் தோளை வருத்துகின்றனர். தோள் நொந்தால் வருமானம் குறையும், உலைப்பானையும் காயும்.

தோள்நோய் பலவும் மருந்தாலும் பயிற்சியாலும் தணியும். தசைநாண் கிழிந்தோருட் சிலருக்கோ சத்திரசிகிச்சை வேண்டும். இன்று அதனைச் சிறு துளைகளின் வழியே, மூட்டு உள்நோக்கி என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்கின்றனர். 1918இல் தோக்கியோவில் தக்காகி என்பார் இறந்தவரொருவரின் முழங்கால் மூட்டினுள் குழாய்க்கருவி கொண்டு நோக்கினார். 1931இல் நியூயோர்க்கில் பேர்மன் என்பார் தோள்மூட்டையும் அவ்வாறே ஆராய்ந்தார். அவ்வித்தையே இன்று இவ்வளவு வளர்ந்துள்ளது.

துளை சிறிதாயினும், அதற்கு முந்திய ஆயத்தம் சிறிதன்று. நோயாளியை எந்நிலையில் வைப்பது என்பதே முதல் வினா. விழித்திருப்பவர் கை மரத்தால் புரண்டு படுப்பார். மயக்கத்திலிருப்பவர் புரளவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். அவருக்காக நினைப்பது பிறர் கடமை.

இரு நிலைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, நோயற்ற பக்கமாக ஒருக்களித்துக் கிடத்துவது. நோயுற்ற கையைப் பொதுவாக 10 முதல் 15 இறாத்தல் எடையால் இழுத்து வைப்பர். இழுவை மிகுந்தால் கைக்குச் செல்லும் நரம்புக்கொத்து நையும். கீழ்ப்பக்க அக்குளுக்குச் சற்றுத் தாழ, மார்பின் கீழ் ஒரு சுருணை வைப்பர். அக்குளினுள்ளேயே திணித்தால் காக்க வந்ததே நரம்பை நசுக்கும். கீழ்க்காலின் முழங்கால் வெளிப்புறத்திலும் முழங்கையிலும் மெத்தை வேண்டும். கால்களுக்கிடையே தலையணை வேண்டும். கழுத்து நேராக நிற்க வேண்டும்.

மற்றது, சாய்வுநாற்காலியில் இருத்துவதுபோன்ற நிலை. 1980களில் இது பரவியது. இதில் தலை இதயத்தினும் உயர்ந்து நிற்கிறது. மேட்டு லயத்துக் குழாயில் நீர் மெலிந்து வருவதுபோல, மூளையில் இரத்த அழுத்தம் தாழும். ஒவ்வொரு 13 சென்டிமீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் குறையும். கையில் அளந்த கணக்கை அப்படியே மூளைக்கும் கொள்வது ஆபத்து. ஆதலின், மயக்க மருத்துவர் அவ்வேற்றத்தாழ்வைக் கணக்கிட்டே அழுத்தத்தைப் பேணுவார். நோயாளியை மெல்ல மெல்ல நிமிர்த்துவர். தலை நழுவாதபடி கட்டுவர். கண்களை மூடிக் காப்பர்.

நேயர்களே, இவை வைத்தியரும் தாதியரும் செய்பவை. நோயாளி செய்யத்தக்கனவும் உள. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர், முன்னர் பாரிசவாதம் கண்டவர், கழுத்துப் பிடிப்போ கைமரப்போ உள்ளவர் அதனை முன்னரே கூறுதல் வேண்டும். வீண் அச்சத்தால் மறைத்தல் தகாது. சிகிச்சைக்குப்பின் விரல் மரத்தாலோ, பாதம் தூக்க இயலாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அக்கணமே அறிவித்தல் வேண்டும்.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நுண்சிகிச்சைக்காக எவ்வூருக்குச் செல்ல நேரினும், தன் உடலின் வரலாற்றை ஒளியாது உரைப்பவரே பாதுகாப்பின் பாதியைத் தம்முடன் கொண்டு செல்கிறார். மற்றப் பாதி, உரிய இடத்தில் வைக்கப்பட்ட ஒரு தலையணையில் இருக்கிறது.