கோடிட்ட இடத்தை நிரப்பாதீர்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பள்ளிக்கு வெளியே ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம் என்பது பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கணக்கு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் பந்தயங்களுக்கு நடுவராகப் போகிறேன். சம்பளம் இல்லை. காலைச் சிற்றுண்டி உண்டு, பெட்ரோல் காசு சில நேரம் கிடைக்கும். விளையாட்டில் நான் பெயர் வாங்கியவள் அல்ல. என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நான் செய்த ஒரு தவறு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டி உங்களுக்குத் தெரியும். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான் அனுமதி. முதல் பத்து இடங்களுக்குப் பரிசும் சான்றிதழும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உடற்கல்வி ஆசிரியர், "டீச்சர், முடிவுக் கோட்டுல நின்னு நம்பர் எழுதிக் கொடுங்க, அது போதும்" என்றார். அது போதும் என்றால் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

15 வயதுக்குட்பட்ட மாணவியர் பிரிவு, 15 கிலோமீட்டர். முதல் ஆறு பிள்ளைகள் தனித்தனியாக வந்தார்கள். அடுத்து ஏழெட்டுப் பேர் ஒரே கும்பலாக வந்துவிட்டார்கள். எண்ணை மார்பில் குத்தியிருந்தோம். வேகமாக மிதிக்கும் பிள்ளை குனிந்துகொள்ளும், எண் தெரியாது. மூன்று எண்களைப் பார்த்து எழுதினேன். பத்தாவது இடத்துக்கு, பார்த்ததாக நினைத்த ஓர் எண்ணை எழுதிவிட்டேன்.

பரிசளிப்பு முடிந்தபின் ஒரு சிறுமி வந்தாள். "மிஸ், நான்தான் அவளுக்கு முன்னாடி வந்தேன்." பக்கத்தில் கையில் சான்றிதழோடு நின்ற பிள்ளையைப் பார்த்தேன். அவள் தயங்கவே இல்லை. "ஆமா மிஸ், இவதான் முன்னாடி வந்தா." பரிசு பெற்ற பிள்ளையே சொல்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பொறுப்பாளரிடம் போய், என் தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். பட்டியலில் என் கையெழுத்து இருந்தது, சான்றிதழில் பெயர் எழுதியாகிவிட்டது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்று அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வரவில்லை.

பிறகுதான் கேட்டுக் கேட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயிற்சி செய்யும் கிளப்காரர்களிடம் போய்ச் சேர்ந்தேன். விடிவதற்கு முன் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் நோக்கி விளக்கு போட்ட சைக்கிள்கள் வரிசையாகப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குள் சிறு பந்தயங்கள் நடத்துவார்கள். ஓட்ட நூறு பேர் இருப்பார்கள், எழுத ஒருவர் கிடைக்க மாட்டார். நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் மூன்றரைக்கு எழுந்திருப்பேன். முதல் மாதம் என் வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டார். அப்புறம், "நீயே ஸ்கூட்டியில போய்க்கோ" என்றார்.

அங்கே ஓய்வு பெற்ற மூத்த நடுவர் ஒருவர் எனக்கு வாய்த்தார். முதல் நாள் அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான்: "ரெண்டு பேரா நில்லுங்கம்மா. ஒருத்தர் சாலையை மட்டும் பாத்து நம்பரைச் சத்தமாச் சொல்லணும். இன்னொருத்தர் தலை நிமிராம எழுதணும். பாக்குறவர் ஒண்ணை விட்டுட்டா 'கோடு'ன்னு சொல்லணும். எழுதுறவர் அந்த இடத்துல கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடணும்." செல்போனில் குரலும் படமும் பதிவாகிக்கொண்டிருக்கும். அந்தக் கோட்டை அப்புறம் படத்தைப் பார்த்து நிரப்பலாம், ஊகித்து நிரப்பக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இது எவ்வளவு கடினம் தெரியுமா? வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், எமிஸ் என்று காலி இடம் இல்லாமல் நிரப்பியே பழகிய கை. கோடிட்ட இடங்களை நிரப்புக என்று இருபது ஆண்டுகளாகக் கேள்வித்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். ஒரு கோட்டை அப்படியே விட்டுவைக்க எனக்கு ஆறேழு பந்தயம் பிடித்தது.

கோடு என்றதும் முடிவுக் கோடு நினைவுக்கு வருகிறது. உலக அமைப்பான யு.சி.ஐ.யின் விதிப்படி அது 72 சென்டிமீட்டர் அகல வெள்ளைப் பட்டையின் நடுவே 4 சென்டிமீட்டர் கறுப்புக் கோடு. முன் சக்கர டயர் அந்தக் கோட்டின் தொடக்க விளிம்பைத் தொடும் கணம்தான் கணக்கு, ஓட்டுநரின் தலையோ நெஞ்சோ அல்ல. 2017 டூர் டி பிரான்ஸின் ஏழாம் கட்டத்தில் மார்செல் கிட்டல் வென்றது வெறும் 6 மில்லிமீட்டரில் என்று அறிவித்தார்கள். புகைப்படக் கருவி இருந்தது, ஆனாலும் அந்தப் படத்தைப் படித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது.

முறையாக அங்கீகாரம் பெற வேண்டுமானால், முதலில் கிளப் பந்தயங்களில் உதவ வேண்டும், பிறகு மாநிலச் சங்கத்தின் வழியாக இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் நடுவர் பயிற்சிக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். அதற்கு மேலே யு.சி.ஐ.யின் படிகள் இருக்கின்றன. சைக்கிள் நடுவரை எங்கும் 'கமிஸ்ஸேர்' என்கிறார்கள், பிரெஞ்சுச் சொல். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். பி.எட். தேர்வுக்குப் படித்ததுபோல இரவில் தமிழில் குறிப்பு எழுதிப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் தேர்வறையில் உட்கார்ந்தபோது கை வியர்த்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஏன் பயப்படுறீங்க" என்று கேட்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன். தேர்ச்சி பெற்றேன்.

அங்கீகார அட்டை கழுத்தில் தொங்கினாலும் எல்லாரும் மதித்துவிடுவதில்லை. ஒருமுறை நேரப் பந்தயம். ஒருவர் பின் ஒருவராக ஒரு நிமிட இடைவெளியில் அனுப்புவோம். அதில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. தன்னை முந்திப் போனவரிடமிருந்து 25 மீட்டராவது விலகி வர வேண்டும். திரும்பும் இடத்தில் நின்றிருந்த நான் ஒருவர் ஒட்டிக்கொண்டே வருவதைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன், தண்டனை நேரம் சேர்த்தார்கள். முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். "மேடம், நீங்க சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?" விலை உயர்ந்த சைக்கிள், நல்ல வேலையில் இருப்பவர். "தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினவதான் சார். ஆனா இன்னிக்கு என் வேலை பாக்குறது" என்றேன். பேச்சு அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து அவரே, "வணக்கம் மேடம்" என்று முதலில் சொன்னார். என் தாளில் எண், இடம், நேரம் மூன்றும் இருந்தன. அவை இல்லாமல் அன்று நான் அங்கே நின்றிருக்க முடியாது.

நேரப் பந்தயத் தாள் ஒன்றை ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். 5.47-க்குக் கிளம்பியவர் 6.02-க்கு வந்தார், எடுத்த நேரம் என்ன? பாதி வகுப்பு 55 நிமிடம் என்றது! 602-லிருந்து 547-ஐக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்கும்போது 60 வரும், 100 வராது என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பின் வரிசையில் ஒருவன், "மிஸ், 10 கிலோமீட்டருக்கு 55 நிமிஷம்னா நடந்தா வந்தாரு?" என்று கேட்டான். வகுப்பே மறுபடி கணக்குப் போட்டது. 15 நிமிடம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை. தலைக்கவசம். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் தலைக்கவசம் இல்லாமல் விழுந்து இறந்தார். அந்த ஆண்டே தொழில்முறைப் பந்தயங்களில் அதைக் கட்டாயமாக்கினார்கள். நம் பிள்ளைகள் விலையில்லா சைக்கிளில் வருகிறார்கள், தலைக்கவசம் வாங்க வழியில்லை என்பது உண்மை. கிளப்காரர்களிடம் பழையதைக் கேட்டு வாங்கி எங்கள் பள்ளியில் ஒரு மூட்டை வைத்திருக்கிறேன். போட்டிக்குப் போகும் பள்ளிகள் கேட்டால் தருவேன், திருப்பித் தர வேண்டும்.

சென்ற முறை அண்ணா சைக்கிள் போட்டியில் மறுபடி முடிவுக் கோட்டில் நின்றேன். எண்ணை முதுகில் குத்தச் சொல்லியிருந்தேன். இருந்தும் 13 வயதுப் பிள்ளைகள் கும்பலாகத்தான் வந்தார்கள். என் தாளில் எட்டாவது இடத்திலும் பத்தாவது இடத்திலும் கோடு. எழுதிக்கொண்டிருந்த இளம் ஆசிரியை கேட்டார், "மிஸ், மேல கேக்குறாங்க, இந்த ரெண்டை மட்டும் போட்டுக் கொடுத்துடலாமா?" மைக்கில் வேறு அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து செல்போன் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். எட்டாவது கிடைத்தது. பத்தாவது இடத்தில் இரண்டு முன் சக்கரங்கள், எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றாகத்தான் தெரிந்தன. இருவருக்கும் சமமாகக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கையெழுத்திட்டேன். இன்னொரு சான்றிதழ் எழுதக் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், எழுதினார்கள்.

நம் மாவட்டத்தில் பந்தயங்களுக்குக் குறைவில்லை. மேலக்கோட்டையூரில் சைக்கிள் ஓடுதளமே இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளுக்காக நாடெங்கும் இருந்து பிள்ளைகள் வந்து அங்கே ஓட்டினார்கள். எண் எழுதத்தான் ஆள் போதவில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டும்தான் வர வேண்டும் என்பதில்லை. நேரம் பார்க்கவும், தெளிவாக எழுதவும், யாராவது கத்தினால் பதறாமல் நிற்கவும் தெரிந்தால் போதும், இவை மூன்றும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குத் தெரியாததா? நான் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். தேநீர் இடைவேளையில் பெயர் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை நாலரைக்குப் பூஞ்சேரி சந்திப்பில் இருக்க வேண்டும். தொப்பி, கைக்கடிகாரம், இரண்டு பேனா கொண்டு வாருங்கள். ஒன்று கட்டாயம் எழுதாமல் போகும்.