வாணலியும் சோற்றுப் பானையும்



"எண்ணெயைக் குறைத்துவிட்டேன், மஞ்சள் கருவைத் தொடுவதே இல்லை. அப்படியும் கொழுப்பு இறங்க மாட்டேன் என்கிறது." சர்க்கரை நோய் உள்ள பலர் இப்படிப் புலம்பக் கேட்டிருப்பீர்கள். ஒரு பேச்சுக்கு, அப்படி ஒருவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்போம். மொத்தக் கொலஸ்ட்ரால் 190. பரவாயில்லையே என்று தோன்றும். கொஞ்சம் கீழே வாருங்கள். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 260, 150-க்குள் இருக்க வேண்டியது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். 34, ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் மேலே இருந்தால் நல்லது. சர்க்கரை நோயோடு ஒட்டிக்கொண்டு வரும் கொழுப்புக் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இதற்கு வாணலியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, சோற்றுப் பானையையும் விசாரிக்க வேண்டும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில், தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக்கி ரத்தத்தில் கலந்துவிடுகிறது. மதுவும் அதே வேலையைச் செய்யும்.

நம் மதியச் சாப்பாடு எப்படி? தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். அதுவும் உருளைக்கிழங்காக இருந்துவிட்டால், சோற்றுக்குச் சோற்றையே தொட்டுக்கொள்கிற மாதிரிதான். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ, மிச்சத்தில் சோறு என்று மாற்றிப் பாருங்கள். அவரை, வெண்டை, கொண்டைக்கடலை இவற்றின் நார்ச்சத்து கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐயும் ஓரளவு குறைக்கும். மீன் என்றால் மத்தி, கானாங்கெளுத்தி. விலையும் கைக்கு அடக்கம், ஒமேகா-3 கொழுப்பும் அதிகம். குழம்பாக வையுங்கள், பொரிக்க வேண்டாம். சிறுதானியம் நல்லதுதான். ஆனால் கம்பு தோசைதானே என்று ஆறு தோசை சாப்பிட்டால், அதுவும் மாவுச்சத்துக் கணக்கில்தான் சேரும்.

எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அதில் மயங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. பாமாயிலில் அது ஏறக்குறைய பாதி. தேங்காய் எண்ணெயில் இன்னும் அதிகம்.

நடையைப் பொறுத்தவரை வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. காலையில் முடியாதவர்கள், சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தாலும் சர்க்கரை கட்டுப்படும். இன்சுலின் போடுகிறவர்கள், நடையில் சர்க்கரை இறங்கினால் சாப்பிட, சட்டைப் பையில் ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் மரமரப்பு இருந்தால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. புகைப்பதை விட்டால் எச்.டி.எல். ஏறும். எடை அதிகம் உள்ளவர்கள் 80 கிலோவிலிருந்து 75-க்கு வந்தாலே ட்ரைகிளிசரைடில் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்கிறோமே, மாத்திரை எதற்கு என்று சிலர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினை நிறுத்திவிடுகிறார்கள். சீட்டில் எண் இறங்கியதே அந்த மாத்திரையால் இருக்கலாம். சர்க்கரை நோயாளி 40 வயதைத் தாண்டினால், கெட்ட கொழுப்பு அதிகம் இல்லாவிட்டாலும் மாரடைப்பைத் தடுக்க அதைத் தருவது வழக்கம். தசை வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

பழக்கத்தை மாற்றி மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். பரிசோதனைக்கு முந்தின நாலு நாள் மட்டும் பத்தியம் இருப்பது. ட்ரைகிளிசரைடு சட்டென்று இறங்கிக் காட்டும்; மருத்துவரும் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடக்கூடும்.