மேற்கு வெயிலும் வெளித்திரையும்: நெருள் குடியிருப்புகளை முன்வைத்து

வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது பற்றிய பேச்சு எங்கு தொடங்கினாலும், சிறிது நேரத்தில் அது ஏர்கண்டிஷனரைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. எத்தனை டன், எத்தனை நட்சத்திரம், மாதம் எவ்வளவு மின்கட்டணம் என்ற கேள்விகள் எழுகின்றன. வெப்பம் வீட்டிற்குள் எந்த வழியாக வந்தது, அதை வாசலிலேயே நிறுத்தியிருக்க முடியாதா என்ற கேள்வி எழுவதில்லை. வந்துவிட்ட வெப்பத்தை மின்சாரம் செலவழித்து வெளியேற்றுவதைவிட, வராமல் தடுப்பது மலிவானது. இந்த எளிய உண்மை ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்பதை ஆராய, நவி மும்பையின் நெருள் பகுதி பொருத்தமான களமாகும்.

1970-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம், தாணே கழிமுகத்தின் கிழக்குக் கரையில் 344 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு புதிய நகரத்தை உருவாக்கும் பணியை ஏற்றது. வயல்களும் உப்பளங்களும் சூழ்ந்த பழைய கிராமமாக இருந்த நெருள், அந்நகரின் 14 பகுதிகளுள் ஒன்றாயிற்று. 1973-இல் வாஷிப் பாலமும், 1992-இல் வாஷி வரையிலான ரயில் பாதையும் வந்த பின்னர், மாதுங்காவிலும் செம்பூரிலும் இடநெருக்கடியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல கழிமுகத்தைக் கடந்து இங்கு குடியேறின. 1932-இல் மாதுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் பின்னாளில் நெருளிலும் கல்லூரிகளை நிறுவியது, மக்கள் சென்ற திசையைக் காட்டும்.

அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மூன்று, நான்கு மாடிக் கட்டிடங்களில் அமைந்த சிறு வீடுகள். சிலருக்கு முன்புறம் சிறு முற்றமுள்ள வரிசை வீடுகள். ஜன்னல்களின் மேல் இரண்டடி நீளும் கான்கிரீட் சன்ஷேடு உண்டு. வெயிலுக்கு அது போதும் என்று கருதப்பட்டது. மேற்கு நோக்கிய ஜன்னலுக்கு அது போதாது என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

கணக்கு

நெருள் ஏறத்தாழ 19 பாகை வட அட்சத்தில் உள்ளது. மார்ச் மாத இறுதியில் நண்பகல் சூரியன் 71 பாகை உயரத்தில் நிற்கும். அந்த வெயிலைச் சன்ஷேடு எளிதில் மறைக்கும். ஆனால் மாலை நாலே முக்கால் மணிக்குச் சூரியன் 28 பாகைக்கு இறங்கி, மேற்குச் சுவருக்கு ஏறத்தாழ நேர் எதிரே நிற்கிறது. அப்போது இரண்டடி சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஓர் அடிக்குச் சற்று மேல்தான் விழும். நான்கடி உயர ஜன்னலின் மீதி மூன்றடியும் வெயிலில் நிற்கிறது. சன்ஷேடை இன்னும் ஓர் அடி நீட்டினாலும் நிலைமை பெரிதும் மாறாது. தாழ்ந்து வரும் வெயிலை மேலிருந்து மறைக்க இயலாது, எதிரிலிருந்துதான் மறைக்க வேண்டும்.

இந்திய நேரம் நாடு முழுவதற்கும் ஒன்றாயிருப்பதன் விளைவையும் இங்கு நினைவுகூரலாம். மார்ச் இறுதியில் மும்பையில் சூரியன் மறைவது 6.50 மணியளவில். கொல்கத்தாவில் அது ஒரு மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடுகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பும் நெருள்வாசி, சற்று முன்வரை வெயில் பட்டுக்கொண்டிருந்த அறைக்குள் நுழைகிறார். வெயில் போன பின்னும் சுவர் தான் வாங்கிய வெப்பத்தைப் பல மணி நேரம் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். கிழக்கு ஜன்னலிலும் காலையில் இதே அளவு வெயில் விழுகிறது என்றாலும், அப்போது காற்று குளிர்ந்திருப்பதால் துன்பம் குறைவு.

தெளிவான நாளில் மாலை வேளையில் மேற்கு ஜன்னலின் மீது சதுர மீட்டருக்குச் சுமார் 500 முதல் 600 வாட் வரை வெப்பம் விழுகிறது. சாதாரணக் கண்ணாடி அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை உள்ளே விடும். ஐந்தடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட ஜன்னலில் இது 800 வாட் அளவாகும். சன்ஷேடு இருப்பின் 600 வாட். அதாவது, ஒவ்வொரு மாலையும் அறையின் நடுவில் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்திருப்பதற்குச் சமம். ஒரு டன் ஏர்கண்டிஷனர் வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரு ஜன்னலுக்கே செலவாகிறது.

உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கண்ணாடியைக் கடந்து வந்த ஒளி திரைச்சீலையைச் சூடாக்குகிறது. சூடான சீலை வெளியிடும் வெப்பக் கதிர் கண்ணாடி வழியே திரும்பிச் செல்வதில்லை. வெப்பம் அறையிலேயே தங்குகிறது. கண் கூசுவது குறையும், புழுக்கம் குறையாது. அதே திரையைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால், சூடாவது திரையும் வெளிக் காற்றும்தான். மேற்கு ஜன்னல்களில் வெளிப்புறப் படுதாக்கள் வெயிலால் வரும் வெப்பத்தை 77 சதவீதம் வரை குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. ஜெர்மனியின் கட்டிடத் தரவிதிகள் உள்திரைக்கும் வெளித்திரைக்கும் வெவ்வேறு மதிப்பெண் வழங்குகின்றன. ஸ்பெயினில் வெளிப்புறச் சுருள் கதவில்லாத வீட்டு ஜன்னலைக் காண்பது அரிது.

இந்நாட்டிற்கும் இது புதிதன்று. தமிழ்நாட்டுத் தாழ்வாரங்களில் தொங்கும் மூங்கில் தட்டியும், பழைய மும்பை வீடுகளின் வராந்தாக்களில் சுருட்டி ஏற்றும் சிக் திரையும் இதே தத்துவத்தில் அமைந்தவை. அலுமினியக் குழாயில் சுருளும் செயற்கை இழைத் துணி, பக்கவாட்டுக் கம்பி, கைப்பிடி அல்லது மோட்டார் ஆகியவற்றுடன் இன்று விற்பனைக்கு வரும் வெளிப்புறச் சுருள் திரை, அந்தத் தட்டியின் பேரன் எனலாம். வெட்டிவேர்த் தட்டியின் கதை வேறு. நீர் ஆவியாகி வெப்பத்தைக் கவரும் அம்முறை நாக்பூர், டெல்லி போன்ற வறண்ட ஊர்களில் சிறப்பாகப் பயன்படும். கழிமுகத்தின் ஓரத்தில், காற்றே ஈரமாக உள்ள நெருளில், அதனால் பெரும் பயனில்லை. இங்கு கைகொடுப்பது நிழலும் காற்றோட்டமும்தான்.

காற்றும் வெயிலும் ஒரே திசையில்

நெருளின் உண்மையான சிக்கல் இங்குதான் உள்ளது. பிற்பகலில் உடலுக்கு இதமளிக்கும் கடற்காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது. வெயிலும் அதே திசையிலிருந்து வருகிறது. ஜன்னலை மூடினால் காற்று போய்விடும், திறந்தால் வெயில் வந்துவிடும். மூடியவர்கள் ஏர்கண்டிஷனரை நாடுகின்றனர். வெயிலை நிறுத்திக் காற்றை விடும் சாதனம் ஒன்று தேவை. மூங்கில் தட்டி அதைச் செய்கிறது. நெருக்கமாக நெய்த செயற்கைத் துணி வெயிலை நன்றாகத் தடுத்தாலும் காற்றையும் பெரிதும் தடுத்துவிடும். ஆகவே அதைச் சுவரிலிருந்து அரை அடியேனும் தள்ளி, கீழ்ப்பகுதியைத் திறந்து தொங்கவிட வேண்டும். நாற்றங்கால்களில் பயன்படும் பச்சை நிழல்வலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வரிசை வீட்டின் முற்றத்திற்கு அதைவிட மலிவான கூரை வேறில்லை. விலையுயர்ந்த திரையே சிறந்த திரை என்ற எண்ணம் இவ்வூரைப் பொறுத்தவரை சரியன்று.

பால்கனி இச்சிக்கலுக்கு ஒரு நல்ல தீர்வாக இருந்தது. நவி மும்பை என்ற கருத்தை 1960-களின் நடுவில் முன்வைத்த மூவருள் ஒருவரும், பின்னர் சிட்கோவின் தலைமைக் கட்டிடக் கலைஞராகப் பணியாற்றியவருமான சார்லஸ் கொரியா, மும்பையில் எழுப்பிய காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியில், பழைய பங்களா வராந்தாவைப் போல் ஆழமான திறந்த தளங்களை அமைத்து வெயிலையும் மழையையும் வாழும் அறையிலிருந்து விலக்கி வைத்தார். ஆனால் சதுர அடிக்கு விலை பேசப்படும் நகரத்தில் பால்கனி நிலைப்பதில்லை. இடநெருக்கடியில் உள்ள குடும்பம் அதைக் கண்ணாடியிட்டு அடைத்து அறையோடு சேர்த்துக்கொள்கிறது. அதில் குற்றம் காண இயலாது. குழந்தை படிக்க ஓர் இடம் வேண்டும். எனினும் ஐந்தடி இடம் கிடைத்தபோது ஐந்தடி நிழல் போயிற்று. ஜன்னல் வெயிலின் முகத்திற்கே நகர்ந்தது. அடைக்கப்பட்ட பால்கனிகளுக்குத்தான் வெளித்திரை மிகுதியும் தேவைப்படுகிறது.

தாராவியின் நிலை வேறு. அங்கு தகரத்தின் வழியாகவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வழியாகவும் வெப்பம் மேலிருந்து இறங்குகிறது. ஜன்னல் திரை அதற்கு மருந்தாகாது. கூரைக்கு இப்போது அரசின் கவனம் கிடைத்துள்ளது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. மேற்குச் சுவருக்கு அத்தகைய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

செலவு யாருடையது, பயன் யாருக்கு

ஒரு பொருள் மலிவானது, பயனுள்ளது என்றால் சந்தையில் அது தானே பரவ வேண்டும் என்பது பாடநூல் கூற்று. வெளித்திரை பரவாததற்குக் காரணம், செலவு செய்பவரும் பயன் பெறுபவரும் வெவ்வேறு நபர்களாக இருப்பது. கட்டுமான நிறுவனம் வீட்டை விற்றபின் மின்கட்டணம் செலுத்துவதில்லை. வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார். அடுத்த ஆண்டு எங்கிருப்போம் என்று தெரியாதவர் சுவரில் துளையிட்டுத் திரை மாட்டமாட்டார், உரிமையாளரோ அவ்வீட்டில் வாழ்வதில்லை. சொந்த வீட்டில் வாழ்பவருக்கும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் அனுமதி வேண்டும். வெளிச்சுவர் பொதுச் சொத்து என்றும், கட்டிடத்தின் தோற்றம் கெடும் என்றும் சங்கம் கூறுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதே சுவரில் ஏர்கண்டிஷனரின் வெளிப் பெட்டியை மாட்டப் பெரும்பாலும் மறுப்பு எழுவதில்லை என்பது வியப்பிற்குரியது. ஒரு டன் பெட்டி, அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து, 4,500 வாட் அளவில் அடுத்த வீட்டு ஜன்னலருகே கொட்டுகிறது. திரை மாட்டியவர் அண்டை வீட்டாருக்கு எத்துன்பமும் தருவதில்லை.

மின்கட்டணப் படிகளும் இக்கணக்கில் சேரும். நெருளுக்கு மின்சாரம் வழங்கும் மகாவிதரண் நிறுவனத்தின் வீட்டுக் கட்டணம் 100, 300, 500 யூனிட்டுகளைக் கடக்கும்போது படிப்படியாக உயர்கிறது. கோடையில் சேமிக்கப்படும் யூனிட்டுகள், குடும்பம் எட்டிய மிக உயர்ந்த படியிலிருந்து கழிகின்றன. சராசரிக் கட்டணத்தை வைத்துக் கணக்கிட்டால் திரையின் பயன் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும்.

அரசின் கொள்கை எத்திசையில் செல்கிறது? 2019-இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், அறை ஏர்கண்டிஷனர் உள்ள குடும்பங்கள் அன்று 8 சதவீதம் என்றும், 2037-38-இல் அது 40 சதவீதமாகும் என்றும் கணித்தது; குளிர்விப்புத் தேவையை அதற்குள் 20 முதல் 25 சதவீதம் குறைப்பதை இலக்காகக் கொண்டது. 2025 செப்டம்பரில் ஏர்கண்டிஷனர் மீதான சரக்கு, சேவை வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நிவாரணமே. ஆயினும் தேவையைக் குறைக்கும் பொருளுக்கு அதற்கிணையான ஊக்கம் அமையாவிட்டால் இலக்கு எட்டாது.

2018 டிசம்பரில் வெளியிடப்பட்ட வீட்டுக் கட்டிட எரிசக்தி விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமான பகுதிகளில் சுவரும் ஜன்னலும் வழியாக உட்புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டலாகாது என வரையறுத்தது. வரவேற்கத்தக்க விதி. ஆனால் அக்கணக்கில் சேர்வது கட்டிடத்தோடு நிரந்தரமாக இணைந்த நீட்சிகள் மட்டுமே. ஏற்றி இறக்கும் திரைக்கு மதிப்பில்லை. குடியிருப்பவர் திரையை இறக்குவார் என்பதற்கு உறுதி இல்லை என்ற எச்சரிக்கை புரிந்துகொள்ளத்தக்கது. மாலை நாலே முக்கால் மணிக் கணக்கின்படி, மேற்கில் பயன்படாத சன்ஷேடுக்கு மதிப்புத் தந்து, பயன்படும் திரைக்குத் தராமல் விடுவதும் சரியாகத் தோன்றவில்லை. 2011-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் கட்டிட எரிசக்தித் திட்டத்தின்கீழ் இந்திய வீடுகளுக்கென வெளிப்புற நகரும் நிழல் அமைப்புகள் உருவாக்கப்பட்டன. அதே திட்டத்தின் உதவியுடன் வடிவமைக்கப்பட்ட, ராஜ்கோட்டின் 1,176 மலிவு விலை வீடுகளில் ஜன்னல் கதவுகள் ஒரு பகுதி கண்ணாடியாகவும் மறுபகுதி ஒளி புகாப் பலகையாகவும் அமைந்தன. குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு எட்டாத பொருளன்று இது.

நிழலை வசதியின் பட்டியலில் சேர்த்துவிடும் போக்கை இங்கு குறிப்பிட வேண்டும். 2023 ஏப்ரல் 16 அன்று, நெருளுக்கு அருகிலுள்ள கார்கரில் திறந்த மைதானத்தில் நடந்த அரசு விருது விழாவில், கூரையின்றி வெயிலில் அமர்ந்திருந்த மக்களில் பத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத் தாக்குதலால் உயிரிழந்தனர். அன்றைய வெப்பநிலை 38 டிகிரி அளவில்தான் இருந்தது. ஈரக்காற்றில் வெயில் நேரே பட்டால் அந்த அளவே உயிரைப் பறிக்கப் போதுமானது. மேல்மாடியின் மேற்கு அறையில் பகல் முழுவதும் படுத்திருக்கும் முதியவரின் நிலையைக் கணக்கெடுப்போர் எவருமில்லை.

வெளித்திரைக்குரிய குறைகளையும் மறைக்கலாகாது. உயர்மாடியில் சரியாகப் பொருத்தாத திரை காற்றில் பிய்ந்து கீழே விழுந்தால் ஆபத்து. பருவமழை மும்பையை எட்டும் இயல்பான நாள் ஜூன் 11; அதற்குமுன் சுருட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. டவ்-தே புயல் 2021 மே மாதத்திலும், நிசர்கா 2020 ஜூன் 3-ஆம் நாளிலும் வந்தன. எனவே வானிலை எச்சரிக்கை வந்ததும் ஒரு நிமிடத்தில் சுருட்டக்கூடிய அமைப்பே ஏற்றது. மழை முடிந்து அக்டோபர் வெயில் தொடங்கும்போது திரை மீண்டும் இறங்க வேண்டும். துணி வெளுக்கும், மூங்கில் சில ஆண்டுகளில் உளுக்கும். மாற்றுச் செலவைச் சங்கம் முன்கூட்டியே ஒதுக்கலாம்.

நெருளிலும் வாஷியிலும் சிட்கோ காலத்துக் கட்டிடங்கள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்த கோபுரங்கள் எழும் காலம் இது. பழைய கட்டிடத்தில் திரை மாட்டச் சுவரைத் துளைக்க வேண்டும், சாரம் கட்ட வேண்டும், சங்கத்தில் வாதாட வேண்டும். புதிய கட்டிடத்தில், மேற்கு ஜன்னல் ஒவ்வொன்றின் மேலும் கான்கிரீட் வார்க்கும்போதே இரண்டு எஃகுக் கொக்கிகளையும், பக்கவாட்டில் கம்பி மாட்ட இரண்டு துளைகளையும் விட்டுவைக்கலாம்; திரையின் நிறத்தையும் அளவையும் வரைபடத்திலேயே குறித்துவிடலாம். மாநகராட்சி வரைபட அனுமதியின்போது இதை ஒரு நிபந்தனையாக்குவதற்குப் புதிய சட்டம் தேவையா, இருக்கும் கட்டுப்பாட்டு விதிகளில் ஒரு திருத்தம் போதுமா என்பதை நகரமைப்புத் துறையினர் ஆராயலாம். வரைபடங்கள் இப்போது மேசையில் உள்ளன.